கருவில் வாடும் பிள்ளைகள்: எலியும் ஆடும் சொன்ன சாட்சி

“ஏழு மாசம் முடிஞ்சிடுச்சு, குழந்தை எடை பத்தலையாம்.”

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில் இப்படி ஒரு ஸ்கேன் அறிக்கை வந்து சேர்ந்தால், அன்றைக்கே ஆளுக்கொரு காரணம் கிளம்பிவிடும். “வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தா வயித்துல இருக்கிறது எப்படி வளரும்?” என்பார் மாமியார். “எங்க வம்சமே சின்ன உடம்புதான்” என்பார் பெரியப்பா. “நாங்கல்லாம் வலி எடுக்கிற வரைக்கும் தார் சுத்திக்கிட்டுதான் இருந்தோம், எங்களுக்குப் பொறக்கலையா?” என்பார் பக்கத்து வீட்டு ஆயா. ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருக்கும் பெண் மட்டும் எதுவும் பேசமாட்டாள். குற்றம் தன்னுடையதுதான் என்று அவளே நம்பத் தொடங்கியிருப்பாள்.

அந்த நம்பிக்கை தவறு. கருவிலிருக்கும் குழந்தை வளராமல் போவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றில் பல தாயின் கையில் இல்லாதவை. இதை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது பெரும்பாலும் எலிகளிடமிருந்தும் செம்மறி ஆடுகளிடமிருந்தும் குரங்குகளிடமிருந்தும்தான். அந்தக் கதையின் முக்கியமான தொடக்கப் பக்கங்கள் நம் குன்னூரிலும் சென்னையிலும் எழுதப்பட்டவை. ஆனால் அந்த ஆராய்ச்சிகள் கண்டு சொன்னதில் பாதிகூட இன்னும் நம் தறிவீடுகளுக்கு வந்து சேரவில்லை.

சின்னக் குழந்தை எல்லாம் நோய்க் குழந்தை அல்ல

பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்கிறோம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எடை பதிவான இந்தியக் குழந்தைகளில் 18.2 சதவீதம் இந்த வகையில் வந்தன. இவர்களில் சிலர் மாதம் நிறையாமல் பிறந்தவர்கள். சிலர் பெற்றோரைப் போலவே இயல்பாகச் சிறிய உடம்புக்காரர்கள். அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. மூன்றாவது வகைதான் கவலைக்குரியது. எட்டியிருக்க வேண்டிய வளர்ச்சியைக் கருவிலேயே எட்டமுடியாமல் போன குழந்தைகள் இவர்கள். மருத்துவர்கள் இதைக் கருவளர்ச்சித் தடை என்கிறார்கள்.

பெரும்பாலும் தடை இருக்கும் இடம் நஞ்சுக்கொடி. தாயின் இரத்தத்திலிருந்து பிராணவாயுவையும் சத்தையும் எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் உறுப்பு அது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கருப்பையின் இரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்க வேண்டும். அவை சரியாக விரியாவிட்டால், தாய் எவ்வளவு சாப்பிட்டாலும் குழந்தைக்குப் போய்ச் சேருவது குறையும். தாயின் இரத்தசோகை, இரத்தக்கொதிப்பு, சத்துக்குறைவு, புகை, கடும் வெப்பம் ஆகியவையும் இந்த இடத்தைத்தான் தாக்குகின்றன.

சிக்கல் என்னவென்றால், நஞ்சுக்கொடி வேலை செய்துகொண்டிருக்கும்போது அதைத் திறந்து பார்க்க முடியாது. என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக ஒரு தாயைப் பட்டினி போடவும் முடியாது, வெயிலில் நிறுத்தவும் முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் விலங்குகளிடம் போனார்கள்.

குன்னூர் எலிகள், சென்னைத் தாய்மார்கள்

1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற இராணுவ மருத்துவர், பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறிய கூடத்தைத் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அதுதான். மெக்கரிசன் செய்த சோதனை ஒன்று உலகப் புகழ் பெற்றது. இளம் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் நெய்யும் கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை நிறையவும் பாலை மிகக் குறைவாகவும் கொண்ட சென்னை மாகாண உணவைத் தின்றவை 155 கிராமோடு நின்றுவிட்டன. நாம் சின்ன உடம்புக்காரர்களாக இருப்பதற்கு வம்சம் மட்டும் காரணமில்லை, தட்டும் காரணம் என்று அந்த எலிகள் காட்டின.

1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகள் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் துணி ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள். அவர்கள் உண்ட உணவையே சினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் வில்ஸ். எலிகளுக்கும் இரத்தசோகை வந்தது. குட்டி ஈனும் முன்பே இறந்தன. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தபோது நோய் வராமல் தடுக்க முடிந்தது. 1929ல் குன்னூரில் சில மாதங்கள் ஆய்வைத் தொடர்ந்தார். 1931ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி தாய்சேய் மருத்துவமனையில் பணிபுரிந்தார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எலிகளின் இரத்தசோகைக்கு உணவு மட்டும் காரணமில்லை என்று பின்னால் தெரியவந்தது. எலிப்பேன் பரப்பிய ஒரு கிருமியும் அதில் கலந்திருந்தது. வில்ஸ் அத்தோடு விட்டுவிடவில்லை. குரங்குகளில் மறுபடி சோதித்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் அங்கேயும் வேலை செய்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். 1931ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அந்த முடிவு வெளியானது. ஈஸ்டுக்குள் ஒளிந்திருந்த சத்து என்னவென்று 1940களில் பிரித்தெடுத்தபோது அதற்குப் போலிக் அமிலம் என்று பெயர் கிடைத்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு 180 நாள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் சேர்ந்திருப்பது அதே போலிக் அமிலம்தான். ஆலைத் தொழிலாளிப் பெண்களின் உயிரைக் காக்கத் தொடங்கிய ஆராய்ச்சி இது. ஆனாலும் 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. மாத்திரை வீடு வரை வந்துவிடுகிறது. வாய்க் கசப்பு, குமட்டல், மலச்சிக்கல் என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். டீயோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சேருவது குறைந்துபோகும் என்று பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

ஸ்கேன் அறையில் கேட்கும் ஆட்டின் பாடம்

1964ல் இங்கிலாந்தில் ஜொனாதன் விகில்ஸ்வொர்த் என்ற நோயியல் மருத்துவர் எலிகளில் ஒரு சோதனை செய்தார். எலியின் கருப்பைக்கு இரண்டு கிளைகள். ஒரு கிளைக்குப் போகும் இரத்தக்குழாயை மட்டும் கட்டிவிட்டு மறு கிளையை அப்படியே விட்டார். தாய் ஒன்றுதான், தீனியும் ஒன்றுதான். ஆனால் இரத்தம் குறைந்த பக்கத்துக் குட்டிகள் மட்டும் சிறுத்தன. அவற்றின் ஈரல் மிகவும் சுருங்கியிருந்தது. மூளை அவ்வளவாகச் சுருங்கவில்லை. “பொண்ணு சரியாச் சாப்பிடல” என்ற ஒற்றைக் குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

மூளை ஏன் தப்பியது என்பதைச் செம்மறி ஆடுகள் விளக்கின. ஆட்டுக்குட்டி பெரும்பாலும் ஒன்றாகவோ இரண்டாகவோதான் கருவில் இருக்கும். எடையும் மனிதக் குழந்தையின் எடைக்குக் கிட்டத்தட்ட வரும். சினைக்காலம் சுமார் 5 மாதம். அதனால் கருவிலிருக்கும் குட்டியின் இரத்தக்குழாயில் மெல்லிய குழாய் பொருத்தி நாள்கணக்கில் அளக்க முடிந்தது. பிராணவாயு குறையும்போது கருக்குட்டி தன் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் தசைக்கும் போவதைக் குறைத்துக்கொள்கிறது. உயிர் பிழைக்கக் கரு செய்யும் ஏற்பாடு இது. 1980களில் ஆட்டின் நஞ்சுக்கொடியில் நுண்ணிய துகள்களைச் செலுத்தி அதன் இரத்தப்பாதையை அடைத்துப் பார்த்தார்கள். அடைப்பு கூடக்கூடத் தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தின் அலை வடிவம் எப்படி மாறுகிறது என்று படிப்படியாகப் பதிவானது.

இன்று டாப்ளர் ஸ்கேனில் மருத்துவர் பார்ப்பது அந்த அலையைத்தான். திரையில் மேலெழும் ஒவ்வொரு முகடும் குழந்தையின் ஓர் இதயத்துடிப்பு. இரண்டு முகடுகளுக்கு இடையிலும் இரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடைவெளி வெறுமையாகிவிட்டால் நஞ்சுக்கொடி தளர்ந்துவிட்டது என்று பொருள். எதிர்த்திசையில் ஓடினால் குழந்தை ஆபத்தில் இருக்கிறது. மூளையின் இரத்தக்குழாயிலும் ஓட்டத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஓட்டம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அது நல்ல செய்தி அல்ல. குழந்தை மூளையைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுகிறது என்ற எச்சரிக்கை. இன்னும் எத்தனை நாள் கருவில் விடலாம், எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்ற முடிவை இந்த அலைகளைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

ஆனால் டாப்ளர் வரை போவதற்கு முன்னால் யாராவது சந்தேகப்பட வேண்டும். அதற்கு இன்ச் டேப் போதும். 24 வாரத்துக்குப் பிறகு, அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை அளந்தால் வரும் சென்டிமீட்டர் கணக்கு, கர்ப்பத்தின் வாரக் கணக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகும். மூன்று சென்டிமீட்டர் பின்தங்கினாலும் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு முறையும் அளந்து அட்டையில் எழுதினால், தடையை வாரக்கணக்கில் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம்.

கத்திரி வெயிலும் தறி அறையும்

காஞ்சிபுரத்துக்கு மிக நெருக்கமான பாடம் வெப்பம்தான்.

அமெரிக்காவின் கொலராடோவில் ஆய்வாளர்கள் சினை ஆடுகளைக் கர்ப்பத்தின் நடுக்காலம் முழுக்கச் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் வைத்திருந்தார்கள். வெப்பத்தில் ஆடுகள் குறைவாகத் தின்னும்; அதனால் ஒப்பீட்டுக்காக வைத்த குளிர்ந்த அறை ஆடுகளுக்கும் அதே அளவு தீனிதான் கொடுத்தார்கள். அப்படியும் வெப்பத்தில் இருந்த ஆடுகளின் நஞ்சுக்கொடி சிறுத்தது, குட்டியும் சிறுத்தது. தீனி குறைந்ததால் மட்டும் வந்த விளைவல்ல, வெப்பமே நேராகத் தாக்குகிறது என்று உறுதியானது. உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கிப் போகும்போது கருப்பைக்குப் போவது குறைகிறது. நஞ்சுக்கொடி வேகமாக வளரவேண்டிய மாதங்களில் இப்படி நடந்தால், பிறகு குளிர்ந்த இடத்துக்குப் போனாலும் இழந்ததை முழுக்க மீட்க முடிவதில்லை.

இது ஆட்டுக்கு மட்டும் பொருந்துவதல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024ல் முடிவுகளை வெளியிட்டது. வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வெப்பத்தில் வேலை பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். பள்ளி, மருத்துவமனை போன்ற வெப்பம் குறைந்த இடங்களில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

தறிவேலை வெயிலில் நடப்பதில்லை, வீட்டுக்குள்தானே நடக்கிறது என்று நாம் நினைக்கலாம். கத்திரி நாட்களில் தாழ்ந்த கூரையின் கீழ், காற்றோட்டம் குறைந்த அறையில் மதிய வேளைக்கு உட்கார்ந்து பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். குழித்தறியில் கால் கீழே, இடுப்பு மடங்கி, கை நாடாவை வீசிக்கொண்டிருக்கும். தறியின் அச்சை இழுத்தடிக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு முன்னும் பின்னும் அசையும். கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பேட்டுக்கு, அதாவது கரைக்கு, நாடா வீச வேண்டும். தார் சுற்றுவது, இழை பிணைப்பது, பாவு புணைவது என்று பெண்கள் செய்யும் வேலைகள் கணக்கில் வராத வேலைகள். கூலி சேலைக்குத்தான், நாளுக்கு அல்ல. அதனால் கர்ப்பிணி ஓய்வெடுத்தால் வீட்டு வருமானம் அந்த வாரமே குறையும். ‘வெயில் நேரத்துல வேலை செய்யாதம்மா’ என்று செவிலியர் சொல்வது சரியான அறிவுரை. அதைக் கேட்டு நடக்கும் வசதியையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் அந்த அறிவுரையால் பயனில்லை.

ஐம்பது தலைமுறைக் கணக்கு

எடை குறைந்து பிறந்த குழந்தை ஓராண்டில் தேறிவிட்டால் கதை முடிந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980களில் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, சிறுத்துப் பிறந்தவர்களுக்கு வயதான பிறகு இதயநோய் அதிகம் வருகிறது என்று காட்டினார். புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் 1993ல் சுற்றுக் கிராமங்களின் தாய்மார்களைப் பின்தொடரத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை குறைவாக இருந்தும் புனேக் குழந்தைகளின் உடம்பில் தசைதான் குறைந்திருந்தது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பின்னாளில் சர்க்கரை நோய்க்கு வழிவிடும் உடல்வாகு அது.

இது எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்று பார்க்க, ஆனந்தவர்தன் ஹார்திகரும் யாக்னிக்கும் சேர்ந்த குழு எலிகளிடம் போனது. 50 தலைமுறைகளாக அரைவயிற்றுத் தீனியில் வளர்ந்த எலிகளை ஆராய்ந்தார்கள். அவை சிறுத்துப் பிறந்தன, இன்சுலின் கோளாறோடு வளர்ந்தன. உடம்பில் பி12 சத்தும் போலிக் அமிலமும் குறைந்திருந்தன. பிறகு இரண்டு தலைமுறைகளுக்கு வயிறு நிறையத் தீனி கொடுத்தார்கள். கோளாறு சரியாகவில்லை. 2015ல் வெளிவந்த இந்த முடிவைத் தறிக்காரருக்கு விளக்க அதிக நேரம் பிடிக்காது: பாவிலேயே இழை விட்டுப்போயிருந்தால், பிறகு எவ்வளவு நல்ல ஊடை போட்டாலும் அந்தக் குறை சேலை நெடுகத் தெரியும்.

அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. எப்போது தொடங்க வேண்டும் என்பதைத்தான் இது சொல்கிறது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், கீரையும் பழமும் பாலும் சேர்த்த சிற்றுண்டியைப் பெண்களுக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கொடுத்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குழந்தையின் எடையில் உறுதியான மாற்றம் தெரியவில்லை. ஆனால் கருத்தரிப்பதற்கு மூன்று மாதமோ அதற்கும் முன்போ தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரி 48 கிராம் கூடுதலாக இருந்தன. வளைகாப்புக்குப் பிறகு ஊட்டுவது அன்பு. கல்யாணத்துக்கு முன்பே, பள்ளிக்கூட வயதிலேயே பெண்ணின் தட்டைக் கவனிப்பதுதான் சிகிச்சை.

விலங்கில் பலித்தது எல்லாம் மருந்தாகாது

நியூசிலாந்தின் மான்ட் லிகின்ஸ் 1960களில் ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்ததால் மிக முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி, நுரையீரல் முதிராமல் இறந்திருக்க வேண்டியது, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதைக் கவனித்த லிகின்ஸ், ராஸ் ஹவியோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம் முறைப்படி சோதித்து 1972ல் முடிவை வெளியிட்டார். குறைமாதப் பிரசவத்துக்கு முன் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசி அங்கிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் நடத்தி 2020ல் வெளியிட்ட ஆய்வும் அது பச்சிளம் குழந்தைகளின் உயிரைக் காப்பதை உறுதிசெய்தது.

எதிர்க் கதையும் உண்டு. இரத்தக்குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் மருந்து எலிகளில் கருவின் எடையைக் கூட்டியது. ஆடுகளில் கிடைத்த முடிவுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. 2009லேயே ஓர் ஆட்டு ஆய்வு எச்சரிக்கை தந்திருந்தது. இருந்தும் நம்பிக்கையோடு பல நாடுகளில் கர்ப்பிணிகளிடம் சோதனை தொடங்கியது. பிரிட்டனில் பலன் தெரியவில்லை. நெதர்லாந்தில் மருந்து பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்கு நுரையீரல் இரத்தக்குழாய்ச் சிக்கல் வந்து 11 குழந்தைகள் இறந்த நிலையில், 2018 ஜூலையில் சோதனை நிறுத்தப்பட்டது. எலியின் கர்ப்பம் 22 நாள். ஆட்டின் நஞ்சுக்கொடியும் மனித நஞ்சுக்கொடியும் அமைப்பிலேயே வேறு. விலங்கு சொல்வது காரணத்தின் தடயம். தாய்மார்களிடம் பொறுமையாக, கண்காணிப்போடு சோதித்த பிறகுதான் அது மருந்தாகும். இணையத்தில் பார்த்துவிட்டு ‘கரு வளர மாத்திரை’ வாங்கித் தரும் உறவினர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த உயிர்களை நாம் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் நியாயமானது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில் நிற்கும் ஊர் காஞ்சி. ஒரு பட்டுச் சேலைக்காக ஆயிரக்கணக்கான புழுக்கூடுகள் கொதிநீரில் இறங்குகின்றன என்பதை அறிந்த ஊரும் இதுவே. 1960ல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கிறது. 1959ல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த மூன்று நெறிகள் உலகமெங்கும் ஏற்கப்பட்டவை: மாற்று வழி இருந்தால் விலங்கைத் தொடாதே, தொட்டால் எண்ணிக்கையைக் குறை, அதன் நோவைத் தணி. இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்த உயிர்கள் கொடுத்த அறிவைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் வதைதான்.

காஞ்சியால் முடியும்

என்ன செய்யலாம் என்பது தெளிவாகவே இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக அரசு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி தருகிறது. அதற்கு மேல், நெசவாளர் குடும்பக் கர்ப்பிணிகளுக்குக் கோடை மாதங்களில் கூலி இழப்பை ஈடுசெய்யக் கைத்தறித் துறையும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும். தறி அறைகளுக்கு வெப்பம் தணிக்கும் கூரைப் பூச்சும் காற்றோட்டமும் தொழிற்கருவிகளுக்கான மானியத்தில் இடம்பெற வேண்டும். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு பி12 அளவையும் பார்க்க வேண்டும். பால், தயிர், முட்டை, மீன் வாங்க முடியாத வீடுகளுக்கு அது அவசியம். இன்ச் டேப் அளவு பின்தங்கும் கர்ப்பிணிக்கு டாப்ளர் ஸ்கேன் அதே வாரத்தில், காசில்லாமல் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். பக்கத்து வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளைப் பதிவுசெய்து, அவர்கள் 26 முதல் 32 வயதானபோது மறுபடி தேடிப்பிடித்துப் பரிசோதித்தது. அந்த இளம் வயதிலேயே சர்க்கரைக் கோளாறு பரவலாக இருந்ததை அப்படித்தான் கண்டார்கள். காஞ்சிபுரத்தில் தறிக்காரர் குடும்பங்களின் பெயர் சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. கர்ப்பிணிகளின் பெயர் சுகாதாரத் துறையின் பதிவில் இருக்கிறது. இரண்டையும் இணைத்து, தறி அறையின் வெப்பம், தாயின் ஹீமோகுளோபின், பி12, வாராவாரம் வயிற்றளவு, பிறந்த குழந்தையின் எடை என்று ஐந்து கணக்குகளை எழுதிவந்தால், சில ஆண்டுகளில் இந்த ஊரின் பிள்ளைகள் எங்கே வாடுகிறார்கள் என்று இந்த ஊரே சொல்லும். அதற்குப் புதிய எலியும் வேண்டாம், ஆடும் வேண்டாம். மாவட்ட நிர்வாகம் அடுத்த கத்திரிக்குள் இந்தப் பதிவைத் தொடங்க வேண்டும்.